அச்சு திருத்திய பிறகு ஜீப் ஏன் அதிர்கிறது?

மாமாவின் ஜீப் பழையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் பலரைப் போலவே அவரும் இருந்ததைத் திருத்தித் திருத்தியே ஓடினார். அனுமதி வந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை அவருக்கு எட்டவில்லை. கிளிநொச்சியிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் நோயாளிகளை ஏற்றிச் செல்வதுதான் அவருடைய வருமானம்.

சில மாதங்களுக்கு முன் பின் அச்சில் எண்ணெய் கசிந்தது. ஒரு கராஜில் விட்டு பெயாரிங்கும் சீல்களும் மாற்றினார். கசிவு நின்றது. ஆனால் ஏ9 வீதியில் வேகம் 70ஐத் தாண்டியதும் இருக்கைக்குக் கீழே ஒரு அதிர்வு தொடங்கியது. திரும்பவும் அங்கே கொண்டுபோனபோது, "டிஃபரென்ஷல் பழுது, கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒண்டு எடுக்கவேணும்" என்றார்கள். சொன்ன தொகை இரண்டு இலட்சத்துக்கு மேல். மாமா கடன் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விடயம் தெரிந்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பார வாகனங்களோடு வேலை செய்தவர். ஜீப்பைத் தொடுவதற்கு முன்பே அவர் சொன்னது இது: "சத்தம் எங்கயெண்டு தேடாதேங்கோ தங்கச்சி. எப்ப வருது, எப்ப நிக்குது எண்டு முதல்ல பாருங்கோ."

அன்று அவர் செய்த பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்தார். சக்கரம் கழற்றி மாட்டிய வேலைக்குப் பிறகு அதிர்வு வந்தால் இதைப் பார்க்காமல் வாகனத்தை ஓட்டவே கூடாது. நட்டு தளர்ந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடலாம். எங்களுடையவை சரியாக இருந்தன.

அடுத்தது, அதிர்வு எஞ்சினோடு சேர்ந்து வருகிறதா, வீதி வேகத்தோடு சேர்ந்து வருகிறதா என்ற கேள்வி. வெறுமையான நேர்வீதியில் அதிர்வு வரும் வேகத்துக்குப் போய், ஒரு கியர் குறைத்து அதே வேகத்தில் ஓடச் சொன்னார். எஞ்சின் வேகமாகச் சுற்றியது, அதிர்வு மாறவில்லை. பிறகு நியூட்ரலில் சற்று உருளவிட்டோம். எஞ்சினை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும் என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதும் அதிர்வு இருந்தது. எஞ்சினும் கிளச்சும் சந்தேகப் பட்டியலிலிருந்து போயின. மிஞ்சியவை, வீதி வேகத்தோடு சுற்றும் பொருட்கள்: ரயர், ஹப், அச்சுத் தண்டு, டிஃபரென்ஷல், புரொப்பலர் ஷாஃப்ட்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சிறு கணக்கு உதவும். மாமாவின் ஜீப் ரயரின் விட்டம் ஏறக்குறைய 31 அங்குலம். மணிக்கு 80 கிலோமீற்றரில் அது செக்கனுக்கு 9 தடவை சுற்றும். டிஃபரென்ஷல் விகிதம் 4.1 என்று எடுத்தால், அதே செக்கனில் புரொப்பலர் ஷாஃப்ட் 37 தடவை சுற்றும். அதனால் ரயரின் கோளாறு ஆளைக் குலுக்குவது போல இருக்கும். ஷாஃப்டின் கோளாறு, கைத்தொலைபேசி வைப்ரேட் ஆவது போல ரீங்காரமாக வரும். எங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. ஸ்டியரிங்கில் அல்லாமல் இருக்கையில் உணர்ந்ததால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தின் மேல்தான் சந்தேகம் கூடியது. ஆனாலும் உறுதிப்படுத்த முன் ரயர்களைப் பின்னும் பின் ரயர்களை முன்னும் மாற்றி ஓடினோம். அதிர்வு இடம் மாறவில்லை. பின்பக்கத்தை உயர்த்திச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தபோது கோணலும் இல்லை; அச்சுத் தண்டு நேராகவே இருந்தது.

டிஃபரென்ஷலின் பல்லோ பெயாரிங்கோ தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஊளையிடும் சத்தம் வரும். பல் தேய்ந்திருந்தால் அக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அந்தச் சத்தம் மாறும். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எண்ணெயை வடித்துப் பார்த்தார். இரும்புத் துகள்களும் இல்லை.

பிறகுதான் வாகனத்துக்குக் கீழே படுத்து டோர்ச் அடித்துக் காட்டினார். ஷாஃப்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டுகள் உள்ளன. கராஜ்களில் 'குறோஸ்' என்பார்கள். பின் அச்சு மேலும் கீழும் அசைவதால் ஷாஃப்ட் எப்போதும் கொஞ்சம் சரிந்த கோணத்திலேயே சுற்றுகிறது. கோணத்தில் சுற்றும் இத்தகைய மூட்டு சீரான வேகத்தைக் கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தி, இரண்டு தடவை பிந்தும். மறுமுனையிலுள்ள மூட்டு அதற்கு எதிராக முந்திப் பிந்தி அதைச் சமன்செய்கிறது. அதற்கு இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும்.

ஷாஃப்டின் நடுவே பற்கள் வெட்டிய, நீண்டு குறுகும் இணைப்பு இருக்கிறது. சீல் மாற்றுவதற்காக ஷாஃப்டைக் கழற்றியபோது அந்த இணைப்பும் பிரிந்திருக்கிறது. அடையாளம் போடாமல் பிரித்தவர்கள் இரண்டு பல் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். கவைகள் ஒன்றுக்கொன்று திரும்பி நின்றது எனக்கே தெரிந்தது. ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டிய மூட்டுகள், செக்கனுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட தடவை ஜீப்பை அதிரவைத்துக்கொண்டிருந்தன.

பிரித்து, நேராக்கி, கிரீஸ் அடித்துப் பூட்ட ஒரு மணித்தியாலம் போனது. அன்று பின்னேரமே ஆனையிறவு வரை ஓடிப் பார்த்தோம். ரீங்காரம் இல்லை. டிஃபரென்ஷல் மாற்றியிருந்தாலும் அதிர்வு போயிருக்கக்கூடும். புதியதைப் பூட்டும்போது ஷாஃப்டையும் தற்செயலாகச் சரியாக மாட்டியிருப்பார்கள். பழுது டிஃபரென்ஷலில்தான் என்று நாங்களும் நம்பியிருப்போம்.

எல்லா அதிர்வும் இவ்வளவு மலிவாக முடியாது. குறோஸ் தேய்ந்திருக்கலாம், ஷாஃப்ட் நெளிந்திருக்கலாம், அதில் ஒட்டியிருக்கும் சமநிலை எடை விழுந்திருக்கலாம். பொறுத்துக்கொண்டு ஓடுவதும் ஆபத்து. மூட்டு உடைந்து ஷாஃப்ட் வீதியில் விழுந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வருபவருக்கும் அது விபத்து.

ஆகவே வேலைக்குக் கொடுக்கும்போதே சிலவற்றைக் கேளுங்கள். ஷாஃப்டைக் கழற்றுமுன் பெயின்றால் அடையாளம் போடச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிர்வு வந்தால், கடைசியாக எதைக் கழற்றினார்கள் என்பதிலிருந்து தேடச் சொல்லுங்கள். பெரிய சாமான் மாற்ற வேண்டும் என்றால், எந்தப் பரிசோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள்.

மாமா இப்போது டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பெயின்ற் பேனை வைத்திருக்கிறார்.