இறால் ஓட்டிலிருந்து புண்ணை மூடும் படலம்

கொச்சிக்கு வடக்கே பெரியாற்றின் கரையில் உள்ளது ஏலூர். அங்கு 1951ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற திருவாங்கூர்-கொச்சி இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உற்பத்தி செய்து வருகிறது. சோப்பு, காகிதம், துணி ஆகிய தொழில்களுக்கு எரிசோடா இன்றியமையாதது என்பதைப் பலரும் அறிவர். கழித்தெறியப்படும் இறால் ஓட்டைக் குருதி கசியும் புண்ணில் ஒட்டி நிற்கும் மருத்துவப் படலமாக மாற்றுவதற்கும் இவ்விரு பொருள்களே வேண்டப்படுகின்றன என்பது அத்துணைப் பரவலாகத் தெரிந்த செய்தியன்று.

புண்ணில் ஒன்றை ஒட்டச் செய்வது எளிதன்று. மழையில் நனைந்த சுவரில் காகிதம் ஒட்ட முயன்றவர் இதன் காரணத்தை உணர்வர். பசைக்கும் பரப்புக்கும் நடுவே நீர் புகுந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. மரத்தை ஒட்டும் பசை என்றும் நிலைத்திருக்கலாம். உடலில் இடும் பசையோ, திசு வளர்ந்து கூடியபின் தீங்கின்றி மறைய வேண்டும்.

கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் 1953 முதல் அயல்நாடுகளுக்குச் செல்லலாயிற்று. இறாலின் எடையில் ஏறத்தாழப் பாதி தலையும் ஓடுமாகக் கழிவில் சேரும். 1957இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இக்கழிவின்பால் கவனம் செலுத்தியது. ஓட்டிலிருந்து கைட்டினைப் பிரித்துக் கைட்டோசானாக்கும் முறையை அந்நிலையத்தின் விஞ்ஞானிகளான மாதவனும் நாயரும் 1974இல் வெளியிட்டனர்.

ஓடு புரதம், கால்சியம் கார்பனேட், கைட்டின் ஆகிய மூன்றும் பின்னிய பொருள். நீர்த்த எரிசோடா புரதத்தைக் கரைக்கிறது. நீர்த்த அமிலம் சுண்ணத்தை நீக்குகிறது. எஞ்சிய கைட்டினை 40 சதவீத அளவிலான எரிசோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். இரண்டாம் படியைப் பள்ளியிலேயே காட்டலாம்: கழுவிய ஓட்டை வினிகரில் ஊறவைத்தால் கரியமில வாயுக் குமிழிகள் எழும்; ஓடு சிறிது சிறிதாக மெதுவாகும்.

கைட்டோசான் நீரில் கரையாது. வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் கரையும். அப்போது அதன் அமினோத் தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. சிவப்பணுக்களின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் உடையது. எனவே ஈரம் இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்க, அணுக்கள் திரண்டு குருதிக் கசிவு அடைபடுகிறது. நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் என்னும் நொதி இப்பொருளைப் படிப்படியாகச் சிதைக்கவல்லது. கைட்டோசானால் ஆன குருதி நிறுத்தும் கட்டுத்துணிக்கு அமெரிக்க அரசு 2002இல் அனுமதி வழங்கியது.

உண்மையான தொல்லை தூய்மையில்தான் இருக்கிறது. நீரைத் தெளிவிக்கப் பயன்படும் கைட்டோசானைப் புண்ணில் இடலாகாது. ஒவ்வாமை விளைவிக்கும் புரத மிச்சம், கன உலோகங்கள், நுண்ணுயிர்களின் நச்சுப்பொருள்கள் ஆகிய அனைத்தும் நீக்கப்பட வேண்டும். கரையில் கிடந்து அழுகிய ஓட்டிலிருந்து சீரான சரக்கை எதிர்பார்க்க முடியாது. ஆதலின், ஓடு கழிந்தவுடனே அதனைக் குளிரில் காப்பதும் மருத்துவ வேலையின் ஒரு பகுதியேயாகும்.

தொழிற்கூடங்களில் கை வெட்டுப்பட்டால் கடையில் விற்கும் விரைவுப் பசையைத் தடவிக்கொள்வோர் உண்டு. இது தவறு. அப்பசையில் பெரும்பாலும் இருப்பது எதில் சயனோஅக்ரிலேட். அது திசுவில் சூட்டை உண்டாக்கி இறுகுவதோடு, விரைவில் சிதைந்து ஃபார்மால்டிஹைடையும் வெளிவிடும். மருத்துவர் பயன்படுத்துவது மெல்லச் சிதையும் பியூட்டைல், ஆக்டைல் வகைகள். அவையும் தூய்மையான, விளிம்பு சேரும் மேற்காயங்களுக்கே உரியன.

நாய்க்கடியையும் மண் படிந்த ஆழமான காயத்தையும் எந்தப் பசையாலும் மூடலாகாது. கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிய பின், தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இறால், நண்டு உண்டால் தடிப்பு எழும் உடல்வாகினர், கைட்டோசான் கட்டு இடப்படுமுன் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.