ஒல்லி உடம்பும் மாரடைப்பும்

2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்கும் 22.3. ஸ்கேன் செய்து பார்த்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்தான், யாக்னிக் உடலில் 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக்கின் ஓட்டமெல்லாம் காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைவதுதான் என்று அந்தக் குறிப்பிலேயே கேலியாக எழுதியிருந்தார்கள்.

“அவர் ஒல்லியாகத்தானே இருந்தார், அவருக்கு எப்படி அட்டாக்?” என்று சாவு வீட்டில் கேட்கிறோமே, அதற்குப் பாதி பதில் இந்தப் படத்தில் இருக்கிறது. ஆசியர்களுக்கென்று குறைத்து வைத்த 23 என்ற எல்லையைக்கூட 22.3 தொடவில்லை. எடை பார்க்கும் மெஷினுக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான்.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் இருப்பது பெரும்பாலும் சாது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருப்பது அப்படியில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சொல் பேச்சு எடுபடாமல் போகிறது, சர்க்கரை ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் பொடிப்பொடியான துகள்களாக மாறி ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகிறது. பத்து இருபது வருடம் இப்படியே சத்தமில்லாமல் போகும். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59.

மாரடைப்பு வருவது எப்போதும் குழாய் முழுக்க அடைத்துப்போய்தான் என்று நினைக்க வேண்டாம். பாதி அடைப்புள்ள இடத்திலும் அந்தக் கொழுப்புத் திட்டின் மேல்மூடி கிழிந்தால் போதும். காயம் என்று நினைத்து ரத்தம் அங்கே உறைகிறது. சில நிமிடங்களில் வழி மூடிவிடும். அதற்கப்பால் உள்ள இதயத் தசை அரை மணி நேரத்திலேயே சாகத் தொடங்குகிறது. இதயத்திலிருந்து வரும் நரம்பும் இடது கை, தாடை, மேல்வயிறு இவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர்வதால், மூளை வலியின் இடத்தை மாற்றிக் கணக்கிடுகிறது. ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் கிடப்பவர்கள் நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். சர்க்கரை நோயாளிகளுக்கும் பல பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், காரணம் தெரியாத அசதி என்று மட்டும் வரலாம். 108-க்குப் போன் செய்ய வலி வந்தே ஆக வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிழைத்தவர்களுக்கும் கதை அத்தோடு முடிவதில்லை. செத்த தசை மறுபடி முளைக்காது, தழும்பாகிவிடும். ஓய்வில்கூட நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தைத் தள்ள வேண்டிய இதயம் தளர்ந்தால், வேறு உறுப்புகள் அதைக் காட்டிக்கொடுக்கும். ரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம் உடலில் தண்ணீர் போதவில்லை என்று தப்பாக எண்ணி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர் பகலெல்லாம் காலில் இறங்கும். மாலையில் கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். இரவு படுத்ததும் காலிலிருந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலில் தேங்கும்; இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு. இதை ஆஸ்துமா என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

இதெல்லாம் நடு வயதில்தான் ஆரம்பிக்கிறது என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பழைய பிரசவப் பதிவேடுகளைப் புரட்டிய டேவிட் பார்க்கர், குறைந்த எடையில் பிறந்த ஆண்கள் பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்ததை 1989-இல் காட்டினார். 1993-இல் யாக்னிக் குழு புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலுக்கடியில், குறிப்பாக முதுகுப் பக்கம், கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. யாக்னிக் இதை ‘ஒல்லியான குண்டுக் குழந்தை’ என்றார்.

தாயின் தட்டில் என்ன இருந்தது என்றும் பார்த்தார்கள். பலருக்கு வைட்டமின் பி12 குறைவு. அதே நேரத்தில் ஃபோலேட் அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை.

வயிற்றுக் கொழுப்பைக் கண்டுகொள்ள நம் வீட்டுக்குள் உடனே செய்யக்கூடியது ஒன்று: தையல்காரர் டேப்பால் வயிற்றை அளப்பது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை. பேண்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது; தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள்தானே நாம்!

அந்த ஆறு கிராமத்துப் பிள்ளைகள் பதின்வயதுக்கு வந்தபோது, 2012-இல், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தினமும் இரண்டு மைக்ரோகிராம் பி12 கொடுக்கும் ஆய்வு தொடங்கியது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதே அதன் நோக்கம்.