விதையும் நஞ்சும்: ஊவாவின் சோளச் செய்கை குறித்துச் சில கருத்துக்கள்

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் எனப்படுவதையே இலங்கையில் நாம் சோளம் என்று வழங்குகின்றோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆசியாவை வந்தடைந்த பயிர் அது. அதே கண்டத்திற்குரிய படைப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்திலும், அவ்வாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலும் காணப்பட்டது. 2018/19 பெரும்போகத்தில் அது விளைவித்த அழிவுக்குப் பதுளை, மொனராகலை மாவட்டங்களும் உள்ளாயின. 'சேனா படைப்புழு' என்னும் பெயர் அப்பொழுதே நம் பத்திரிகைகளில் நிலைபெற்றது.

இப்புழுவைக் கட்டுப்படுத்துவது கடினம். தாய் அந்துப்பூச்சி ஒரு தொகுதியில் நூறு முதல் இருநூறு முட்டைகளை இடும். வெளிவரும் புழு விரைவில் குருத்தினுள் நுழைந்துவிடும். தெளிக்கும் மருந்து அங்கு எளிதிற் சென்றடையாது. ஆகவே பயிரின் இளமைப் பருவத்தைக் காக்கும் முறையொன்று தேவைப்பட்டது. விதைப் பரிகரிப்பு அத்தகைய முறை. விதைக்குமுன் பூச்சிநாசினியை விதைமீது பூசுகின்றனர். முளைக்கும் பயிர் அதனை வேர்வழி உறிஞ்சி இலைகளுக்குக் கடத்துகின்றது. இலையைத் தின்னும் புழு மடிகின்றது. இந்தியாவில் சயன்ட்ரனிலிப்புரோல், தயாமெதொக்சாம் ஆகிய இரண்டும் சேர்ந்த கலவையைக் கிலோ விதைக்கு 4 மில்லிலீற்றர் வீதம் பூசுமாறு விதந்துரைத்தனர்.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். பயிர் வளர வளர அதனுள் நஞ்சின் செறிவு குறையும். பாதுகாப்பு ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்களுக்கே நீடிக்கும். பின்னர் கதிரைத் தாக்கும் புழுவை அது தடுக்காது. ஒரே வகை நாசினியை விதையிலும் இலையிலும் மாறிமாறிப் பயன்படுத்தின் புழு எதிர்ப்பாற்றல் பெறும். ஜேர்மனியில் 2008இல் சோள விதையில் பூசப்பட்ட நாசினி, விதைக்கும்போது தூசாகப் பறந்து பெருந்தொகைத் தேனீக்களைக் கொன்றதும் நினைவுகூரத்தக்கது.

தோட்டப்புறத்திற்கு இத்தகைய பாடம் புதிதன்று. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அடக்க 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியொன்று கொணரப்பட்டது. அது வெற்றியும் அளித்தது. 1950களில் தண்டைத் துளைக்கும் வண்டுக்கெதிராக டீல்டிரின் தெளிக்கப்பட்டபோது அக்குளவி அழிய, இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. எதைத் தெளிப்பது என்பதைத் தீர்மானித்தோர் வேறு. மருந்துக் கலனை முதுகிற் சுமந்தோர் வேறு.

பரிகரித்த விதையிலும் இவ்வேறுபாடே அடிப்படைப் பிரச்சினையாகின்றது. அடுப்புப் புகையிலே கதிரைத் தொங்கவிட்டு வண்டரிக்காமற் காத்த குடியானவனிடம் விதையும் இருந்தது. அதைக் காக்கும் அறிவும் இருந்தது. அவ்விதையை முளைக்க வைக்கலாம், பஞ்ச காலத்தில் உண்ணவும் செய்யலாம். கடையில் வாங்கும் கலப்பின விதையோ பண்டமாக வருகின்றது. அதன் மீதுள்ள நிறப்பூச்சு அது நஞ்சு என்பதற்கான குறி. அக்குறியின் பொருளை அறிந்தோர்க்கே அது எச்சரிக்கையாகும்.

1971-72இல் ஈராக்கில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பூஞ்சணத்தைத் தடுக்க மெதைல் இரசம் பூசி, நிறமூட்டிய விதைத் தானியம் அங்கு இறக்குமதியாயிற்று. சாக்குகளிலிருந்த எச்சரிக்கைகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருந்தன. அம்மொழிகளை அறியாத கிராமத்தவர் அத்தானியத்தை அரைத்து ரொட்டி சுட்டனர். நிறத்தைக் கழுவினால் நஞ்சும் நீங்கும் என நம்பியோரும் இருந்தனர். அரசாங்கக் கணக்கின்படி 6,530 பேர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். 459 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றதில் இரசாயனத்திற்குள்ள பங்கு, விளங்காத மொழிக்கும் உண்டு.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்துகின்றது. ஆயின் சட்டத்தின் வாசகம் லயத்து வாசலைத் தாமாகவே சென்றடைவதில்லை. லயங்களை அடுத்த துண்டு நிலத்தில் சோளம் நடும் தொழிலாளிக்கும், மகியங்கனைப் பக்கத்துச் சேனையில் விதைக்கும் சிங்கள விவசாயிக்கும் தேவைப்படுவது ஒன்றே. வெறுங்கையால் பரிகரித்த விதையைத் தொடலாகாது, எஞ்சியதைக் கோழிக்கு இடலாகாது, உணவாக்கலாகாது, வெறும் பையில் மாவோ அரிசியோ வைக்கலாகாது, மூன்றாம் வாரத்தின் பின்னும் குருத்தைப் பிரித்துப் பார்த்துப் புழுவையும் முட்டைத் தொகுதியையும் நசுக்க வேண்டும். இவற்றை அவரவர் மொழியில் அச்சிடுவதோடு அமையாது, வாசிக்க இயலாதவர்க்கு வாய்மொழியாகவும் எடுத்துரைத்தல் வேண்டும்.

விஞ்ஞானத்தை நிராகரிப்பது நமது நோக்கமன்று. விதையோடு அதுபற்றிய அறிவும் உழைப்போர் கைக்கு வந்து சேரவேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. அறிவு கடையிலேயே தங்கிவிட, நஞ்சு மட்டும் வயலுக்கு வருமாயின், புழுவிடமிருந்து பயிரைக் காத்தவர்களாவோமேயன்றி மனிதரைக் காத்தவர்களாகமாட்டோம்.