திருகோணமலைத் துறையில் இரண்டாம் பாதை: தீச்சுவரும் செல்லிட இணைய இணைப்பும்

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் துறைமுகத்தின் ஆழத்தையும் இயற்கை அரணையும் புகழ்ந்து தொடங்குதல் வழக்கம். போத்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இத்துறைக்காகப் பொருதமையும், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதன்மீது குண்டு பொழிந்தமையும் யாவரும் அறிந்தவை. ஆயின் செய்திப் போக்குவரத்து என்ற நிலையில் நின்று நோக்குமிடத்து, உலகப் புகழ்பெற்ற இத்துறை ஒரு முட்டுத்தெருவின் கடைக்கோடியாகவே காட்சியளிக்கின்றது. இலங்கையைப் பிற நாடுகளுடன் இணைக்கும் பெரிய கடலடி வடங்கள் கொழும்பை அண்டிய மேற்குக் கரையிலும் மாத்தறையிலுமே கரையேறுகின்றன. கிழக்குக் கரையிலிருந்து புறப்படும் ஒரு செய்தி, வெளியுலகை அடையுமுன் நாட்டைக் குறுக்கறுத்துத் தரைவழியே செல்ல வேண்டியுள்ளது.

அத்தரைவழி எத்துணை நொய்மையானது என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் உணர்த்தியுள்ளன. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு ‘புரெவி’ச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ச் சூறாவளி வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வீதிகளையும் மின்வழங்கலையும் தொலைத்தொடர்பையும் ஒருங்கே சிதைத்தது. இவை பேரிடர்கள். வீதி அகழும் இயந்திரம் ஒன்று ஒளியிழை வடத்தை அறுத்துவிடுதல் போன்ற சிறு இடர்களோ எந்நாளும் நிகழத்தக்கவை.

இணைப்பு அறுந்தால் இழப்பு யாருக்கு? சுங்கப் பத்திரங்கள் இன்று ‘அசிக்குடா’ என்னும் கணினி முறைமையினூடாகவே சமர்ப்பிக்கப்படுகின்றன. துறைமுகத்தை அண்டிய முகவர் அலுவலகம் ஒன்றில் இணைப்பு அரைநாள் அற்றுப்போயின், சரக்கு நகராது. தாமதக் கட்டணத்தை நிறுவனம் எவ்வாறேனும் ஈடுசெய்துகொள்ளும். வாயிலில் காத்துநிற்கும் லொறிச் சாரதியும் நாட்கூலித் தொழிலாளியும் இழந்த கூலியை எங்கே பெறுவர்? மருத்துவமனை, மீனவர் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை ஆகியவற்றுக்கும் இஃது ஏற்ற பெற்றி பொருந்தும். எனவேதான் செல்லிட வலையமைப்பினை இரண்டாம் பாதையாக அமைக்கும் முறையை, தொழில்நுட்பர் அல்லாதாரும் விளங்குமாறு எடுத்துரைக்க முற்பட்டோம்.

கலைச்சொல் பற்றி ஒரு சொல். ‘தீச்சுவர்’ என்பது கட்டடக்கலையிலிருந்து வந்தது. ஒரு வீட்டுத் தீ மறு வீட்டுக்குப் பரவாது தடுக்கும் சுவர் அது. வலையமைப்பில், உள்ளகக் கணினிகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே நின்று, எப்பொதி செல்லலாம், எது செல்லலாகாது எனத் தீர்மானிக்கும் கருவியை அது குறிக்கும். ‘செல்லிடம்’ என்பது ஆங்கில ஒலியையும் தமிழ்ப் பொருளையும் ஒருசேரத் தாங்கிய சொல். உயிரியலில் நாம் வழங்கும் ‘கலம்’ என்ற சொல்லை இங்கும் ஆண்டிருக்கலாம் என்பாருமுளர். கப்பலையும் அச்சொல் குறிக்கும் ஒரு துறைமுக நகரில் அது குழப்பத்தையே விளைவிக்கும்.

அமைப்பு எளியது. தீச்சுவரின் ஒரு வெளிவாயிலில் ஒளியிழை இணைப்பும், மற்றொன்றில் சிம் அட்டை பொருத்திய 4ஜி மொடெமும் இணைக்கப்படும். மொடெமுக்குச் சேவை வழங்குநரின் அணுகுபுள்ளிப் பெயர் கொடுக்கப்பட வேண்டும். இரு பாதைகளுக்கும் முன்னுரிமை எண் வழங்கி, ஒளியிழையை முதலாவதாகவும் செல்லிடத்தை இரண்டாவதாகவும் வைத்தல் வேண்டும். மொடெம் தன் உள்வலைக்கு வழங்கும் முகவரித் தொகுதியும் அலுவலகத்தின் முகவரித் தொகுதியும் ஒன்றாயிருத்தல் ஆகாது.

முதற்பாதை செத்துவிட்டது என்பதைத் தீச்சுவர் எவ்வாறு அறியும் என்பதே இங்குத் தலையாய வினா. பலர் இதில்தான் இடறுகின்றனர். கந்தளாய்க்கு அப்பால் வடம் அறுந்து கிடப்பினும், அலுவலகச் சுவரில் உள்ள பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். தீச்சுவரும் யாவும் நலம் என்றே எண்ணும். ஆதலின் நாட்டுக்கு வெளியேயுள்ள இரு முகவரிகளைத் தெரிந்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை சோதனைப் பொதி அனுப்பி மறுமொழி வருகின்றதா எனப் பார்க்கச் செய்தல் வேண்டும். இரண்டும் தொடர்ந்து நான்கு முறை மறுமொழி தராவிடின் பாதை மாறலாம். ஏறத்தாழ இருபது விநாடியில் மாற்றம் நிகழும். இச்சோதனைப் பொதிகள் முதற்பாதை வழியே மாத்திரம் செல்லுமாறு கட்டுப்படுத்தப்படுதல் இன்றியமையாதது. அன்றேல், பாதை மாறியதும் சோதனைப் பொதி செல்லிடம் வழியே சென்று மறுமொழி பெறும், முதற்பாதை பிழைத்துவிட்டது எனத் தீச்சுவர் மயங்கித் திரும்பும், மீண்டும் தோற்கும். இவ்வூசலாட்டம் முழுத் தடையினும் கொடியது. திரும்புதற்கும் சில நிமிடப் பொறுமை விதிக்கப்பட வேண்டும்.

பாதை மாறும்போது வெளிமுகவரியும் மாறுவதால், நடைபெற்றுக்கொண்டிருந்த தொடர்புகள் அறும். பாதி நிரப்பிய படிவம் போய்விடலாம். இதனை அலுவலருக்கு முன்கூட்டியே கூறிவைத்தல் நன்று. மேலும், செல்லிட நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொதுமுகவரியின் பின்னே நிறுத்துதல் வழக்கம். 100.64 எனத் தொடங்கும் முகவரி மொடெமுக்குக் கிடைத்திருப்பின் அதன் பொருள் இதுவே. அந்நிலையில் வெளியிலிருந்து எவரும் அலுவலகத்தை அழைக்க இயலாது. தலைமையகத்துடனான மறையிணைப்பை அலுவலகமே தொடங்குமாறு அமைத்தல் வேண்டும். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வழங்கியும் முதல் நிறுவனத்தினுடையதாக மாத்திரம் இருத்தலாகாது. பிற வலையமைப்பிலிருந்து வரும் வினாவுக்கு அது விடையளிக்க மறுக்கக்கூடும். பாதை திறந்திருந்தும் இணையம் இயங்காததுபோலத் தோன்றும்.

முன்வாயிலில் காவல் வைத்துவிட்டுப் பின்வாயிலைத் திறந்துவிடுதல் போன்ற தவறும் உண்டு. முதல் இணைப்புக்கு எழுதிய காவல்விதிகள் யாவும் செல்லிட வாயிலுக்கும் பொருந்துமாறு, அதனையும் ‘வெளி’ வலயத்தில் சேர்த்தல் வேண்டும். அவசரத்தில் சுருட்டி மாட்டப்பட்ட மொடெம்கள் பலவற்றில் இஃது மறக்கப்படுகின்றது.

இனி, எந்நிறுவனத்தின் சிம் அட்டை? இது விலைப்பட்டியலால் மாத்திரம் தீர்க்கப்படும் வினா அன்று. மொபிற்றெல் 2002 முதல் சிறீலங்கா ரெலிகொம்முக்கு முழுதும் உரியது. ஆகவே ரெலிகொம் ஒளியிழையும் மொபிற்றெல் சிம்மும் வைத்திருப்பவர், இரண்டு பெயர்களில் ஒரு நிறுவனத்தையே நம்பியிருக்கின்றார். முதுகெலும்பு வடம் அறுபடின் இரண்டும் ஒன்றாக வீழக்கூடும். வேறு நிறுவனத்தைத் தேர்தலே பொருத்தமானது. ஆயின் தேர்வின் பரப்பு சுருங்கி வருகின்றது: 2018இல் எற்றிசலாற் ஹச்சுடனும், 2024இல் எயார்ரெல் டயலொக்குடனும் இணைந்தன. 1989இல் செல்ரெல் தொடங்கி வைத்த செல்லிடச் சேவை, மூன்று பெருநிறுவனங்களின் கையில் வந்து நிற்கின்றது. போட்டி பற்றிய பேச்சு மிகுந்துள்ள காலத்தில் இஃது சிந்தனைக்குரியது.

சமிக்ஞையின் வலிமை -90 டிபிஎம் அளவில் இருப்பின் நன்று. -110ஐ அணுகின் பயன் சொற்பமே. குடாக்களைச் சூழ்ந்த குன்றுகளும், தகரக் கூரையும், அடுக்கிய கொள்கலன்களும் சமிக்ஞையை மறைப்பன. கூரைமேல் கோபுரத்தை நோக்கி அன்ரனா பொருத்தலாம். ஆயின் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடுமாதலின் அவற்றை நீர்புகா நாடாவால் சுற்றி, ஆண்டுதோறும் பார்த்தல் வேண்டும். தீச்சுவர், மொடெம் இரண்டுக்கும் மின்கல ஆதரவு தேவை. கோபுரத்தின் மின்கலமும் சில மணிநேரத்துக்கே தாங்கும் என்பதால், நீண்ட மின்தடையில் இவ்வேற்பாடு கைவிடவும் கூடும்.

செல்லிடத் தரவு அளவிட்டு விற்கப்படுவது. எனவே அப்பாதையில் சுங்கம், வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றை மாத்திரம் அனுமதித்து, காணொளியையும் கணினி இற்றைப்படுத்தலையும் தடுத்துவைத்தல் முறை.

இவ்வேற்பாட்டால் வெல்ல முடியாத தடையும் ஒன்றுண்டு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் அரச ஆணையால் முடக்கப்பட்டன. ஆணை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. பாதை இரண்டாயினும் வாயிற்காவலன் ஒருவனே.

அமைத்து முடித்தபின் மாதம் ஒருமுறை, வேலை குறைந்த ஒரு பிற்பகலில், ஒளியிழை வடத்தைக் கையால் கழற்றிப் பார்த்தல் வேண்டும். சுங்கப் படிவம் திறக்கின்றதா, மறையிணைப்பு மீள்கின்றதா, வடத்தை மாட்டியபின் பாதை தானே திரும்புகின்றதா என்பவற்றைக் குறித்துவைத்தல் தகும். மொடெம் வாங்கிய ஆறாம் மாதத்தில் சிம் அட்டை காலாவதியாகிக் கிடந்ததைச் சூறாவளி நாளில் அறிந்த அலுவலகங்களும் இல்லாமலில்லை.