கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ்

கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் என்பது தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜனிலிருந்து குளுக்கோஸ் அலகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் நொதி ஆகும். இந்நொதி எந்நேரமும் இயங்கினால் சேமிப்பு தீர்ந்துவிடும். வேண்டியபோது இயங்காவிடின் தசைக்கு ஆற்றல் கிடைக்காது. புதிய நொதியை உருவாக்கக் காலம் பிடிக்கும் என்பதால், உயிரணு ஏற்கனவே உள்ள நொதியையே இயக்கியும் நிறுத்தியும் கட்டுப்படுத்துகிறது.

இரு வடிவங்கள்

ஓய்வில் உள்ள தசையில் இந்நொதி பெரும்பாலும் செயல் குன்றிய 'பி' வடிவில் இருக்கும். இதன் புரதச் சங்கிலியில் 14ஆம் இடத்திலுள்ள செரீன் என்னும் அமினோ அமிலத்துடன் ஒரு பாஸ்பேட் தொகுதி இணைந்ததும் நொதியின் உருவம் மாறி, செயல்திறன் மிக்க 'ஏ' வடிவம் உண்டாகிறது. பாஸ்பேட்டை நீக்கினால் மீண்டும் 'பி' வடிவம் கிடைக்கும். நீக்கும் பணியைச் செய்வது வேறொரு நொதி.

சமிக்ஞை வந்து சேரும் வழி

அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் உயிரணுவின் உள்ளே நுழைவதில்லை. அது மென்சவ்விலுள்ள ஏற்பியுடன் இணைய, உள்ளே வளைய ஏ.எம்.பி. உருவாகிறது. இது புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியைத் தூண்டும். அது பாஸ்பாரிலேஸ் கைனேஸைத் தூண்டும். பின்னதே பாஸ்பாரிலேஸில் பாஸ்பேட்டை இணைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி மூலக்கூறு பல மூலக்கூறுகளை மாற்றுவதால் சிறிதளவு அட்ரினலினே போதுமானது. அதே வேளையில் கிளைக்கோஜனை உருவாக்கும் நொதி பாஸ்பேட் ஏற்றத்தால் அடக்கப்படுகிறது. இல்லையேல் ஆக்கமும் சிதைவும் ஒருங்கே நடந்து ஆற்றல் வீணாகும்.

வரலாறு

இரு வடிவங்களையும் முதலில் பிரித்தறிந்தவர்கள் கோரி இணையர். 1950களில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் இந்நொதியை ஆராய்ந்தபோது, தசைச் சாற்றை வடிதாளில் வடித்தால் மட்டுமே 'ஏ' வடிவம் கிடைத்தது. தாளிலிருந்து கசிந்த கால்சியமே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. இது வெறும் ஆய்வகத் தற்செயல் அன்று: தசையைச் சுருங்கச் செய்வதும் கால்சியமே என்பதால், சுருங்கத் தொடங்கும் தசையில் எரிபொருளும் உடனே விடுவிக்கப்படுகிறது. இருவரும் 1992இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

மெக்கார்டில் நோய்

தசைக்குரிய பாஸ்பாரிலேஸ் பிறவியிலேயே இல்லாத நிலை இது. பிரையன் மெக்கார்டில் 1951இல் விவரித்தார். நோயாளியின் தசையில் கிளைக்கோஜன் நிறைந்திருந்தும் பயன்படாது. கடும் உழைப்பின்போது விரைவில் களைப்பும் வலிமிகுந்த தசைப்பிடிப்பும் ஏற்படும். கல்லீரலின் பாஸ்பாரிலேஸ் வேறொரு மரபணுவினால் உருவாவதால், உண்ணாதிருக்கும்போதும் இரத்தத்தின் குளுக்கோஸ் அளவு இவர்களுக்குக் குறைவதில்லை.