துடைப்பக் கழியில் சுற்றிய மனு!

பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்த கேட் ஷெப்பர்டு

1893-ம் ஆண்டு. நியூசிலாந்து நாட்டின் பார்லிமெண்டு கூடி இருந்தது.

சர் ஜான் ஹால் என்ற அங்கத்தினர் எழுந்தார். முன்பு பிரதம மந்திரியாக இருந்தவர் அவர். கையில் ஒரு பெரிய காகிதச் சுருள் வைத்திருந்தார். ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, சுருளைச் சபையின் நடுவே உருட்டி விட்டார்.

சுருள் உருண்டது. உருண்டுகொண்டே போனது. எதிர்ச் சுவரில் "தொம்" என்று மோதியது!

அது ஒரு மனு. "பெண்களுக்கும் ஓட்டு வேண்டும்" என்று கேட்கும் மனு. அதன் நீளம் 270 மீட்டர். ஐம்பது சேலைகளை முனையோடு முனை சேர்த்து விரித்தால் எவ்வளவு நீளம் வருமோ, அவ்வளவு நீளம். முழுவதையும் விரிக்க அந்த மண்டபம் போதாது.

546 தாள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிச் செய்த மனு அது. ஒட்டியவர் ஒரு பெண். பசை தடவி, தாள் தாளாக ஒட்டி, ஒரு துடைப்பக் கழியை வெட்டி எடுத்து, அதிலே சுற்றி அனுப்பி வைத்தார். "துடைப்பத்தைப் பிடிக்க வேண்டிய கைக்கு ஓட்டு எதற்கு?" என்று கேட்டவர்கள் இருந்த காலம். துடைப்பமே பார்லிமெண்டுக்குப் போய்விட்டது!

அந்தப் பெண்ணின் பெயர் கேட் ஷெப்பர்டு.

கப்பலில் வந்தவர்

கேட் அம்மையார் பிறந்தது இங்கிலாந்தில், லிவர்பூல் நகரில். இளம் வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். இருபது வயதை ஒட்டி, தாயோடு கப்பல் ஏறி நியூசிலாந்துக்கு வந்தார். கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் குடியேறினார். 1871-ல் வால்டர் ஷெப்பர்டு என்ற வியாபாரியை மணந்தார். ஒரு மகன் பிறந்தான்.

வசதியான குடும்பம். சும்மா இருந்திருந்தால் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள்.

அந்த நாட்டில் அப்போது குடி அதிகம். கணவன் கூலியைக் குடித்துத் தீர்த்தால், வீட்டில் அடுப்பு எரியாது. அடி வாங்குபவளும் பெண். பட்டினி கிடப்பவளும் பெண். 1885-ல் அமெரிக்காவில் இருந்து ஒரு அம்மையார் வந்து பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். கேட் அம்மையார் அதில் சேர்ந்தார்.

சிறுவர்களுக்கு மது விற்கக் கூடாது, மதுக்கடைகளில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சங்கத்தார் பார்லிமெண்டுக்கு மனுப் போட்டார்கள். பலன் கிடைக்கவில்லை.

ஏன்? கேட் அம்மையாருக்குக் காரணம் விளங்கிற்று. ஓட்டு உள்ளவன் கேட்டால் அங்கத்தினர் பயப்படுவார். ஓட்டு இல்லாதவள் கேட்டால் யார் பயப்படுவார்? நியூசிலாந்தில் 1879-லேயே வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. படித்த பெண்ணுக்கும் இல்லை. பாடுபடும் பெண்ணுக்கும் இல்லை.

இனி முதலில் கேட்க வேண்டியது ஓட்டுத்தான் என்று அவர் முடிவு செய்தார்.

பேனாவும் சைக்கிளும்

1887-ல் சங்கத்தின் ஓட்டுரிமைப் பிரிவுக்கு அவர் தலைவி ஆனார். அடுத்த ஆண்டே, பெண்களுக்கு ஏன் ஓட்டு வேண்டும் என்று பத்துக் காரணங்களை அடுக்கி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அதைப் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு அனுப்பினார். பத்திரிகைகளுக்கு எழுதினார். ஊர் ஊராகக் கடிதம் போட்டார்.

மேடையில் கத்திப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. அமைதியாகப் பேசுவார். ஆனால் பதில் சொல்ல முடியாதபடி பேசுவார். பெண்கள் சைக்கிள் விட்டால் ஊர் வேடிக்கை பார்த்த நாளில், சைக்கிள் விட்டவர் அவர்!

கையெழுத்து வேட்டை தொடங்கியது. பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். தாளை நீட்டினார்கள். சில வீடுகளில் கதவு திறந்தது. சில வீடுகளில் சாத்திக்கொண்டார்கள். 1891-ல் 9 ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து. 1892-ல் அது ஏறத்தாழ 20 ஆயிரம் ஆயிற்று.

காசுக்குக் கையெழுத்து

மது வியாபாரிகள் கலங்கினார்கள். பெண்களுக்கு ஓட்டு வந்தால் மதுக்கடையை மூடச் சொல்வார்களே!

டுனிடின் நகரில் ஹென்றி பிஷ் என்ற அங்கத்தினர் இருந்தார். "ஓட்டு வேண்டாம்" என்று அவர் ஒரு எதிர் மனு தயாரித்தார். கையெழுத்து வாங்கக் கூலிக்கு ஆள் பிடித்தார். கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. கூலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பொய்க் கையெழுத்துக்கள் குவிந்தன. குட்டு உடைந்தது. மனு கேலிக்கு ஆளாயிற்று.

ஆனாலும் பார்லிமெண்டுக்கு உள்ளே நடந்த தந்திரம் பலித்துவிட்டது. 1891-ல் பெண்கள் ஓட்டுரிமை மசோதா கீழ்சபையில் நிறைவேறும் நிலையில் இருந்தது. அப்போது ஒருவர் எழுந்து, "ஓட்டு மட்டும் போதாது. பெண்கள் தேர்தலில் நிற்கவும் வேண்டும்" என்று ஒரு திருத்தம் கொண்டு வந்தார். பெண்கள் மேல் உள்ள அன்பினால் அல்ல. அப்படிச் சேர்த்தால் மேல்சபை மிரண்டு போய் மசோதாவையே தள்ளிவிடும் என்பது கணக்கு.

கணக்கு சரியாக இருந்தது. மேல்சபையில் இரண்டே ஓட்டில் மசோதா தோற்றது.

மவோரிப் பெண்ணின் குரல்

நியூசிலாந்தின் ஆதி மக்கள் மவோரிகள். அவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு பார்லிமெண்டு கூட்டி வந்தார்கள். 1893-ம் ஆண்டு மே மாதம் அந்தச் சபையில் ஒரு பெண் பேசினார். மெரி மங்காகாஹியா என்பது அவர் பெயர். அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்கவில்லை.

"கணவனை இழந்த பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் நிலம் இருக்கிறது. நிலத்தை ஆளத் தெரிந்தவளுக்கு ஓட்டுப் போடத் தெரியாதா?" என்ற கருத்தில் பேசினார். ஓட்டு மட்டும் அல்ல, சபையில் இடமும் கேட்டார். ஆண்கள் இங்கிலாந்து ராணியிடம் முறையிட்டும் நடக்கவில்லை. ராணியும் ஒரு பெண்தானே, பெண்கள் முறையிட்டால் காது கொடுப்பார் அல்லவா என்பது அவர் வாதம்.

வெள்ளைக்காரப் பெண்கள் மனு எழுதிய அதே ஆண்டில், மவோரிப் பெண்ணும் கேட்டார். பிறகு வந்த சட்டம் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஓட்டுக் கொடுத்தது.

தந்தியால் வந்த வினை

1893-ல் கேட் அம்மையார் மூன்றாவது மனுவை அனுப்பினார். அதுதான் துடைப்பக் கழியில் சுற்றிய மனு. அதோடு வந்த மற்ற மனுக்களையும் சேர்த்து, ஏறத்தாழ 32 ஆயிரம் கையெழுத்து! வயது வந்த வெள்ளைக்காரப் பெண்களில் சுமார் நாலில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கீழ்சபையில் மசோதா நிறைவேறியது. இனி மேல்சபை.

அப்போது பிரதம மந்திரி ரிச்சர்டு செட்டன். முன்பு மதுக்கடை நடத்தியவர். மேல்சபையில் மசோதா எப்படியும் தோற்றுவிடும் என்று நம்பி இருந்தார். எண்ணிப் பார்த்தால் ஓட்டுக்கள் கிட்டத்தட்ட சரிசமம்! உடனே தன் கட்சி அங்கத்தினர் ஒருவருக்குத் தந்தி கொடுத்து, மசோதாவுக்கு எதிராக ஓட்டை மாற்றிப் போடச் சொன்னார்.

சேதி வெளியே தெரிந்துவிட்டது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ரெனால்ட்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இரண்டு பேருக்குக் கோபம் வந்தது. இருவரும் மசோதாவை எதிர்த்து வந்தவர்கள். "இப்படியும் ஒரு தந்திரமா!" என்று கொதித்து, மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள்.

செப்டம்பர் 8-ந் தேதி. ஆதரவு 20. எதிர்ப்பு 18. முன்பு இரண்டு ஓட்டில் தோற்றது. இப்போது இரண்டு ஓட்டில் ஜெயித்தது!

வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும்

கவர்னர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். "போடாதீர்கள்" என்று ஒரு கூட்டம் அவரை நெருக்கியது. பார்லிமெண்டில் பூச்சண்டையே நடந்தது. பெண்கள் பக்கம் நின்றவர்கள் சட்டையில் வெள்ளைக் கமெலியாப் பூ. எதிர்த்தவர்கள் சட்டையில் சிவப்புக் கமெலியா.

செப்டம்பர் 19-ந் தேதி பகல் பதினொன்றே முக்கால் மணிக்குக் கவர்னர் கிளாஸ்கோ பிரபு கையெழுத்துப் போட்டார். அந்தச் சேதியைக் கேட் அம்மையாருக்குத் தந்தியில் தெரிவித்தவர் யார் தெரியுமா? அதே செட்டன்தான்! அரசாங்கத்தின் நல்லெண்ணத்தை இனியாவது சந்தேகிக்க மாட்டீர்கள் என்று நம்புவதாகவும் சேர்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட பேனாவைக் கவர்னர் கேட் அம்மையாருக்கே கொடுத்தார்.

தன் நாட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பார்லிமெண்டு தேர்தலில் ஓட்டுக் கொடுத்த முதல் நாடு நியூசிலாந்து. அமெரிக்கா 1920-ல் கொடுத்தது. சட்டம் சொல்லிக் கொடுத்த இங்கிலாந்தில், ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை பெண்களுக்கு வர 1928 ஆயிற்று. சுவிட்சர்லாந்துப் பெண்கள் 1971 வரை காத்திருந்தார்கள்.

தேர்தல் நாள்

தேர்தல் நவம்பர் 28-ந் தேதி. பத்தே வாரம்தான் இருந்தது. அதற்குள் பெயர் பதிய வேண்டும். "பதிந்தாலும் பெண்கள் வரமாட்டார்கள். குடிகாரர்கள் நடுவே எப்படி வருவார்கள்?" என்று பேசியவர்கள் உண்டு.

1,09,461 பெண்கள் பெயர் பதிந்தார்கள். அவர்களில் 90,290 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள்! கலாட்டா இல்லாமல் தேர்தல் நடந்தது. மறுநாளே, ஒனஹுங்கா என்ற ஊரில் எலிசபெத் யேட்ஸ் என்ற பெண் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே அவர்தான் முதல் பெண் மேயர்.

ஆனால், பார்லிமெண்டு தேர்தலில் நிற்கும் உரிமை மட்டும் வரவில்லை. அது 1919-ல்தான் வந்தது. ஓட்டுப் போடலாம், உட்கார இடம் கிடையாது என்றால் அது பாதி வெற்றிதான். கேட் அம்மையார் ஓயவில்லை. 1896-ல் தேசியப் பெண்கள் கவுன்சில் தொடங்கியபோது, முதல் தலைவி அவரே.

கடைசிக் காலத்தில் துக்கங்கள் பல வந்தன. ஒரே மகன் 1910-ல் இறந்தார். கணவரும் இறந்த பிறகு, நெடுநாள் நண்பரும் போராட்டத்தில் துணை நின்றவருமான வில்லியம் லவல் ஸ்மித்தை 1925-ல் மணந்தார். எழுபது வயதுக்கு மேல் கல்யாணம்! நாலே ஆண்டில் அவரும் போய்விட்டார்.

இன்று நியூசிலாந்தின் 10 டாலர் நோட்டில் கேட் அம்மையாரின் படம் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளைக் கமெலியா. அந்த நீண்ட மனு வெலிங்டன் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

1933-ல் ஒரு இடைத்தேர்தல் வந்தது. கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பக்கத்துத் தொகுதியான லிட்டல்டனில் எலிசபெத் மெக்கோம்ப்ஸ் என்ற பெண் ஜெயித்து, நியூசிலாந்து பார்லிமெண்டின் முதல் பெண் அங்கத்தினர் ஆனார். சட்டம் வந்து 40 ஆண்டுக்குப் பிறகு! அப்போது கேட் அம்மையாருக்கு 85 வயது தாண்டி இருந்தது. அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 13-ந் தேதி, கிறைஸ்ட்சர்ச்சில் அவர் காலமானார்.