கோபக்கார ஹீரோவுக்கு ஏன் இத்தனை ரசிகைகள்?



டி.வி. சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. "மூக்கைச் சிந்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். (அவர்கள் கிரிக்கெட் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் சோகமாக இருந்தால் அது தேசபக்தி!) ஆனால், சீரியல் ஹீரோ ஒருவன் மேல், அதிலும் சிடுமூஞ்சி, முரடன், மிருகம் என்று பெயரெடுத்த ஹீரோ மேல், நாம் ஏன் இப்படி உயிரை விடுகிறோம் என்று நமக்குள் நிதானமாகப் பேசிக்கொண்டதே இல்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ராயப்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் மொத்தம் எட்டு வீடு. விஜய் டி.வி.யில் 'இது காதலா' ஓடிய நாட்களில் எட்டு வீட்டிலும் ஒரே குரல்தான் கேட்கும். இந்தியில் ஸ்டார் ப்ளஸ்ஸில் 2011 ஜூன் முதல் 2012 நவம்பர் வரை வந்த தொடரைத்தான் தமிழில் பேச வைத்துப் போட்டார்கள். பருண் சோப்தி நடித்த அர்னவ் பாத்திரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய பணக்காரன், யாரையும் மதிக்காதவன், எடுத்ததற்கெல்லாம் சீறுபவன். சனாயா இரானி நடித்த குஷியோ லக்னோவிலிருந்து வந்த வெகுளிப் பெண். முதல் சந்திப்பிலேயே அவளை அவமானப்படுத்துகிறான். கடைசியில் அவளுக்காக உருகுகிறான். தொடர் முடிந்து ஐந்து வருடம் கழித்து, 2017-ல் அதே நடிகரை வைத்து இதே தலைப்பில் வேறொரு கதையை எடுத்தார்கள். அந்தப் பெயருக்கு அத்தனை மவுசு!

இதெல்லாம் வடக்கத்திப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. டி.வி. வருவதற்கு முன்பே இந்தக் கோபக்கார நாயகனை நம் மடியில் வைத்துத் தாலாட்டியவர்கள்தானே நாம்! ரமணிசந்திரன் நாவல்களை நினைத்துப் பாருங்கள். வசதியான வீட்டு ஆண்பிள்ளை, கூர்மையான நாக்கு, ஏதோ ஒரு தப்பான எண்ணத்தால் நாயகியை வார்த்தையால் குத்துவான். கடைசி இருபது பக்கத்தில் உண்மை தெரிந்து கலங்குவான். அந்த நாவல்களை வெளியிட்ட அருணோதயம் பதிப்பகம் எங்கள் ராயப்பேட்டை கௌடியா மடம் சாலையில்தான். லாயிட்ஸ் ரோடு ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில் புத்தகம் எடுத்து, குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் பத்துப் பக்கம் படித்தவர்கள் இந்தப் பேட்டையில் எத்தனை பேர்!

எங்கள் கீழ் வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. அர்னவ் என்றால் உயிர். இன்றும் பேரனின் செல்போனில் பழைய காட்சிகளைப் போடச் சொல்லிப் பார்க்கிறார். "ஏன் பாட்டி, அப்படி என்ன இருக்கு அந்த மூஞ்சியில? எப்பப் பாரு எரிஞ்சு விழறான்" என்று ஒருநாள் கேட்டேன். பாட்டி சிரிக்கவில்லை. "எரிஞ்சு விழறதையா பார்க்கறேன்? அது எங்க வீட்டுலயே நாற்பது வருஷம் பார்த்தாச்சு. இவன் கடைசில வந்து 'தப்பு பண்ணிட்டேன்'னு நிக்கறான் பாரு, அதுக்காகத்தான் பார்க்கறேன். அவர் ஒருநாள் ஒரு பொழுது அப்படி நின்னதில்லடி" என்றார்.

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. நாம் ரசிப்பது ஆணின் கோபத்தை அல்ல. அந்தக் கோபம் உடைகிற இடத்தை. வீட்டில் கிடைக்காத ஒரு மன்னிப்பைத்தான் பல பெண்கள் தினமும் அரை மணி நேரம் டி.வி.யில் தேடுகிறார்கள்.

மூலக்கதையில் என்ன இருக்கிறது?

இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் பாட்டி ஒருத்தி பிரான்ஸ் நாட்டில் இருக்கிறாள். 'அழகியும் மிருகமும்' கதையை 1740-ல் எழுதியவர் வில்நெவ் என்ற பெண்மணி. அதைச் சுருக்கி, 1756-ல் சிறுமிகளுக்காக எழுதியவர் போமோன் என்ற இன்னொரு பெண்மணி. கவனியுங்கள், எழுதிய இருவருமே பெண்கள்! முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டிய காலத்துப் பெண்களின் பயம்தான் அந்த மிருகம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கதையில் மிருகம் என்ன செய்கிறது? தினமும் இரவுச் சாப்பாட்டு வேளையில் வந்து, "என்னைக் கல்யாணம் செய்து கொள்வாயா?" என்று கேட்கிறது. அவள் "மாட்டேன்" என்கிறாள். பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த நாள் மறுபடி கேட்கிறது, மறுபடி போய்விடுகிறது. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் அழுதபோது, அனுப்பியும் வைக்கிறது. அவள் தானாகத்தான் திரும்பி வருகிறாள்.

அமெரிக்காவில் 1987 செப்டம்பரில் இதே பெயரில் ஒரு டி.வி. தொடர் தொடங்கியது. என் மகன் தேடிக் கொடுத்து சில பகுதிகளைப் பார்த்தேன். நியூயார்க் நகரத்துக்கு அடியில், சுரங்கங்களில் வாழும் வின்சென்ட்டுக்கு அப்படியே சிங்க முகம்! ரான் பெர்ல்மன் என்ற நடிகர் மணிக்கணக்கில் மேக்கப் போட்டு நடித்தாராம். 1989-ல் அவருக்கு கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. முகத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் காதரீன் என்ற பெண் வக்கீலைத் தூக்கி வந்து காப்பாற்றுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துக் காட்டுகிறான். அவள் கட்டுப் பிரித்து, அவன் முகத்தைப் பார்த்து அலறியபோதுகூட, ஒதுங்கிப் போய்த் தானே வருந்துகிறான். அந்தச் சிங்க முகத்துக்கு உலகெங்கும் பெண்கள் ரசிகைகள் ஆனார்கள். தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் கடிதம் கடிதமாக எழுதிப் போராடினார்கள். 1990-ல் தொடர் முடிந்த பிறகும் பல வருடங்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வின்சென்ட்டுக்கு முகம் மிருகம், மனசு மனுஷன். நம் அர்னவுக்கு முகம் ராஜா மாதிரி, நடத்தைதான் மிருகம். அக்காளின் கல்யாணத்தை நிறுத்திவிடுவேன் என்று பயமுறுத்தி, ஆறு மாத ஒப்பந்தம் என்று சொல்லி குஷியைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டுகிறானே, அதை மூலக்கதையின் மிருகம்கூடச் செய்யவில்லையே! 'மாட்டேன்' என்ற சொல்லைக் கேட்டு எழுந்து போகத் தெரிந்தது அதற்கு. நம் சீரியல்காரர்கள் கதையை எடுத்துக்கொண்டார்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வெளிநாட்டுக் கதை எதற்கு, எங்களுக்குப் பக்கத்திலேயே திருவல்லிக்கேணி இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலில் யோக நரசிம்மருக்கு அழகியசிங்கர் என்று பெயர். சிங்க முகத்தை 'அழகிய' என்று சொன்ன ஊர் இது! அந்தக் கோபம் யார் மேல் பாய்ந்தது? பெற்ற பிள்ளையையே கொல்லத் துணிந்த இரணியன் மேல். யாரைப் பார்த்ததும் குளிர்ந்தது? பிரகலாதன் என்ற சின்னக் குழந்தையை. அன்பு வைத்தவர் மேலேயே பாயும் கோபத்துக்கு நம் ஊரில் யாரும் அழகு என்று பெயர் வைக்கவில்லை.

சீரியல் வீட்டுக்குள் வந்தபோது...

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், என் நாத்தனார் மகளால்தான். நல்ல படிப்பு, நல்ல வேலை. ஜாதகம் பொருந்தி, பூ வைத்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு மாப்பிள்ளைப் பையன் தினமும் போன். "எங்க இருக்க? கூட யாரு? ஏன் உடனே எடுக்கல?" ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவன் போட்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். "அவருக்கு என் மேல ரொம்ப பொசசிவ், அத்தை. அர்னவ் மாதிரி. கல்யாணம் ஆனா சரியாயிடும்."

நான் புத்தி சொல்லவில்லை. "ஏண்டி, ஒரு சின்ன விஷயத்துல 'முடியாது'ன்னு சொல்லிப் பாரேன். என்ன பண்றான்னு பார்க்கலாம்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போகலாம் என்று அவன் கூப்பிட்டபோது, ஆபீஸ் வேலை இருக்கிறது, முடியாது என்று அமைதியாகச் சொன்னாள். நான்கு நாள் போன் இல்லை. ஐந்தாம் நாள் அவள் அப்பாவுக்குப் போன் வந்தது. "உங்க பொண்ணுக்குத் திமிர் ஜாஸ்தி. வேலையை விடச் சொல்லுங்க. இல்லேன்னா யோசிக்க வேண்டியிருக்கும்."

யோசித்தது அவள்தான். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து, காலையில், "வேண்டாம்பா" என்றாள். மண்டபத்துக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. சொந்தக்காரர்கள் வாயில் ஆறு மாதம் விழுந்து எழுந்தோம். "பூ வெச்ச பொண்ணை இப்படிப் பண்ணிட்டியே" என்று நாத்தனார் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். இப்போதும் பாதிப் பேச்சுதான். ஆனால் அந்தப் பெண் சத்தமில்லாமல் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். எனக்கு அது போதும்.

தோழிகளே, ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். சீரியலில் முரட்டு ஹீரோ திருந்துவது, அவனைத் திருத்தி எழுத ஒரு கதாசிரியர் சம்பளத்துக்கு இருப்பதால். நம் வீட்டில் அந்த ஆள் கிடையாது. அடிப்பது மட்டுமல்ல, வாயால் இழிவுபடுத்துவதும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும்கூடக் கொடுமைதான் என்று 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. 2006 அக்டோபர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்படலாம்.

அதற்காக சீரியலை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே இல்லை! நாள் முழுக்க உழைத்த உடம்புக்கு அந்த அரை மணி நேரம் நம்முடையது. தாராளமாகப் பாருங்கள், ஹீரோவை ரசியுங்கள், அழுங்கள், சிரியுங்கள். ஆனால் வயசுக்கு வந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவன் கையைப் பிடித்து இழுக்கும் காட்சியில் மட்டும், "இது காதல் இல்லடி கண்ணு, இது வேற" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பையன் உட்கார்ந்திருந்தால் இரண்டு வார்த்தையாகச் சொல்லுங்கள். அவனுக்குத்தான் அது அதிகம் தேவை.

உங்கள் வீட்டில் எப்படி? நீங்களும் எழுதுங்களேன்!

- வாசகி ஒருத்தி, ராயப்பேட்டை, சென்னை - 14